பின்வளவு மீன் குளத்துக்கு வடிகட்டி: நீலப் பரலும் பழைய வலையும்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பின்வளவில் எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி. கட்டி இரண்டு வருடம். இரண்டடிக்குத் தண்ணீர் நிற்கிறது. பன்னிரண்டு தங்கமீனும் நான்கு கொய் மீனும் இருக்கின்றன. தண்ணீர் எப்போதும் பச்சை, அடியில் கறுத்த சேறு, விடியற்காலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கடையில் விற்கும் வடிகட்டி வாங்கக் கட்டுப்படியாகாது, பரல் ஒன்று கிடக்கிறது, அதை வைத்து வீட்டிலேயே செய்யலாமா, உள்ளே என்ன போடுவது என்பது அவருடைய கேள்வி.

செய்யலாம், தம்பி. உங்கள் அளவு குளத்துக்குப் பரலில் செய்வதுதான் கடைப்பெட்டியை விட நல்லது. ஆனால் பரலில் ஓட்டை போடுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வடிகட்டி என்ற பெயரே ஆளைக் குழப்பிவிடுகிறது. பெயரைக் கேட்டதும் தேத்தண்ணி வடிதான் நினைவுக்கு வருகிறது: அழுக்கு மேலே நிற்கும், தெளிந்த தண்ணீர் கீழே இறங்கும். அப்படி நினைத்துத்தான் எல்லோரும் மணல், கரி, கல், ஸ்பொஞ்ச் என்று அடுக்கடுக்காகத் திணிக்கிறார்கள். இரண்டு கிழமையில் அது அடைத்துக்கொள்ளும். கழுவுவார்கள், திரும்ப அடைக்கும். மூன்றாவது தடவையோடு பரல் வேலி ஓரத்துக்குப் போய்விடும்.

மீனைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத அமோனியா. சாப்பிட்ட தீனியிலிருக்கும் புரதம் செரித்ததும் மீனின் செவுள் வழியாக வெளியே வருவது அதுதான். மிஞ்சிய தீனியும் உதிர்ந்த இலையும் அழுகும்போதும் அதுவே வரும். எந்தத் துணியிலும் எந்த மணலிலும் அது நிற்காது. அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் மீனுக்கு நஞ்சு. இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். அதை மீன் ஓரளவு தாங்கும், செடிக்கு அது பசளை. இந்த உயிர்கள் நீந்தித் திரியாமல் ஏதாவது ஒன்றின் மேல் ஒட்டிக்கொண்டு இருப்பவை. ஒட்டிக்கொள்ள இடமும் இடைவிடாமல் ஒட்சிசன் உள்ள தண்ணீரும் கொடுத்தால் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். அவற்றுக்கு நீங்கள் கட்டிக் கொடுக்கிற வீடுதான் இந்தப் பரல். இதை மனதில் வைத்துக்கொண்டால், என்ன போடலாம் என்ன கூடாது என்று நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

உங்கள் பச்சைக் குளத்தில் இதற்கு இன்னொரு முக்கியத்துவமும் இருக்கிறது. அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும், ஒன்றுதான் கடும் நஞ்சு. 30 பாகை வெப்பத்தில், பிஎச் (தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டும் அளவு, 7 நடு, ஏற ஏறக் காரம்) 7 ஆக இருந்தால் நூற்றில் ஒரு பங்கு கூட அந்த நஞ்சு வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் ஏறத்தாழ ஏழு பங்கு. 9 ஆனால் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. பாசி நிறைந்த தண்ணீரில் வெயில் ஏற ஏறப் பாசி கரியமில வாயுவை இழுத்துவிடுவதால், பின்னேரம் மூன்று மணிக்கு பிஎச் 9 வரை போவது சாதாரணம். காலையில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர் நல்லதுதான் என்று போனவர்கள் பின்னேரம் மீன் மிதப்பதைக் கண்டு யாரோ ஏதோ போட்டுவிட்டார்கள் என்று அயலவரைச் சந்தேகப்பட்ட கதைகள் எனக்குத் தெரியும்.

விடியற்காலையில் மீன் வாய் திறப்பது வேறு கணக்கு. இரவில் பாசியும் மீனும் சேற்றிலுள்ள உயிர்களும் எல்லாமே ஒட்சிசனை இழுக்கின்றன, தருவார் யாருமில்லை. நம் ஊர்ச் சூட்டில் தண்ணீரில் கரையக்கூடிய ஒட்சிசனே குறைவு. 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் கரையும், 30 பாகையில் ஏழரைதான். ஆகவே வடிகட்டி கட்டி முடியும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு சின்ன எயார் பம்பை வாங்கி இன்றிரவே போடுங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள், அடிச்சேற்றை ஹோஸ் பைப்பால் உறிஞ்சி எடுங்கள். ஒரேயடியாக முழுவதும் எடுக்க வேண்டாம். கலக்கினால் அதிலுள்ள நஞ்செல்லாம் மேலே வரும். ஒரு நாளைக்கு ஒரு மூலை போதும்.

சரி, அளவுக்கு வருவோம். எட்டு ஐந்து நாற்பது, இரண்டடிக்கு எண்பது கன அடி. ஒரு கன அடி 28.3 லீற்றர். கிட்டத்தட்ட 2,260 லீற்றர். பன்னிரண்டு தங்கமீனுக்கு இது போதும். நான்கு கொய்க்குப் போதாது. இப்போது விரல் நீளம் இருக்கலாம், ஆனால் அது வளர்ந்தால் இரண்டடி வரும் மீன். ஒரு கொய்க்கு ஆயிரம் லீற்றராவது வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் கணக்கு. பெரிய குளம் வைத்திருப்பவர் யாருக்காவது கொடுத்துவிடுவது நல்லது. சொன்னால் மனம் வராது, தெரியும். வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தக் கணக்கை அது மாற்றாது.

குளத்துத் தண்ணீர் முழுவதும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது பரலுக்குள் போய் வரவேண்டும். அதாவது மணிக்கு 1,500 லீற்றர். பம்ப் பெட்டியில் 1,500 என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். அது உயரமே இல்லாமல் அளந்தது. தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் மேலே ஏற்றும்போது பாதியோ மூன்றில் இரண்டோதான் வந்து சேரும். 2,500 முதல் 3,000 வரை எழுதியிருப்பதை வாங்குங்கள். பூட்டிய பிறகு குழாய் முனையில் பத்து லீற்றர் வாளியைப் பிடியுங்கள். 24 விநாடியில் நிறைந்தால் மணிக்குச் சரியாக 1,500. இந்த அளவு பம்ப் 35 வாற்று இழுத்தால், இரவுபகல் ஓடி மாதத்துக்கு 25 யுனிற் வரும். கரண்ட் பில்லைப் பார்த்து இரவில் நிறுத்தலாமே என்று நினைப்பீர்கள். கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பம்பைக் குளத்தின் அடியில் அப்படியே வைக்காமல் ஒரு பிளொக் கல்லின் மேல் வையுங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு இரவு பரலுக்குப் போகும் ஹோஸ் கழன்று விழுந்துவிட்டது. பம்ப் அதன்பாட்டுக்கு ஓடி, குளத்துத் தண்ணீர் முழுவதையும் மணலுக்கு வார்த்துவிட்டது. கடற்கரை மணல் பாருங்கள், காலையில் ஈரம்கூடத் தெரியவில்லை. பம்ப் ஒரு கல் உயரத்தில் இருந்திருந்தால் அரையடித் தண்ணீராவது மிஞ்சியிருக்கும். பம்பைச் சுற்றிக் காய்கறிக் கூடை மாதிரி ஓட்டைக் கூடை ஒன்று போதும். நுளம்பு வலைத் துணி சுற்ற வேண்டாம், ஒரே நாளில் அடைத்து பம்ப் சூடேறிவிடும். மின்சாரத்தில் விளையாட்டு வேண்டாம்: வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள், தண்ணீருக்குள் கை வைக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள், வெளிப் பிளக் மழை படாத இடத்தில் இருக்கட்டும்.

இனிப் பரல். இரண்டு பாத்திரம் வேண்டும். பெரியது நீங்கள் சொன்ன 200 லீற்றர் நீலப் பரல். அதில் முன்பு என்ன இருந்தது என்று விசாரியுங்கள். கிருமிநாசினி, எண்ணெய், பெயின்ற் இருந்த பரல் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். சின்னது மூடி உள்ள அறுபது லீற்றர் வாளி. முதலில் தண்ணீர் சின்ன வாளிக்குள் வரும். வாளியின் நடு உயரத்தில், சுவரை ஒட்டிச் சரிவாகக் குழாயை விட்டால் தண்ணீர் உள்ளே மெல்லச் சுழலும். தேத்தண்ணியைக் கரண்டியால் கலக்கிவிட்டு வைத்தால் தூள் நடுவில் கூடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி மீன் கழிவு அடியில் நடுவே படியும். மேலேயிருந்து தெளிந்த தண்ணீர் பெரிய பரலுக்குப் போகும். சின்ன வாளியின் அடியில் ஒரு வால்வு. இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை நிமிடம் திறந்துவிட்டால் கறுத்த தண்ணீர் போய்விடும். வாழைக்கு விடுங்கள், குலையில் வித்தியாசம் தெரியும். இந்த வாளியை நிறையப்பேர் வீண் செலவென்று விட்டுவிடுகிறார்கள். முழு அமைப்பிலும் இதைவிட மலிவாக இவ்வளவு வேலை செய்கிற பொருள் வேறில்லை. அழுக்கு இங்கேயே நின்றால்தான் பெரிய பரல் மாதக்கணக்கில் அடைக்காமல் இருக்கும்.

பெரிய பரலில் தண்ணீர் கீழிருந்து மேலே போகவேண்டும். வாளியிலிருந்து வரும் குழாயைப் பரலின் அடிவரை இறக்குங்கள். அடியில் ஒரு பிளாஸ்டிக் பழக்கூடையைக் கவிழ்த்துவைத்து அதன் மேல் நிரப்புங்கள், கூடைக்குக் கீழே வெற்றிடமாக இருக்கட்டும். தப்பி வந்த தூசி அங்கே படியும், அதற்கும் ஒரு வால்வு. வெளிவழி பரலின் வாயிலிருந்து நாலு விரல் கீழே. பம்பிலிருந்து வரும் குழாய் 25 மில்லிமீற்றர் போதும், ஆனால் வாளியிலிருந்து பரலுக்கும் பரலிலிருந்து குளத்துக்கும் 63 மில்லிமீற்றர் போடுங்கள். பம்ப் தள்ளுவது அழுத்தத்தில், திரும்பிப் போவது தன் பாரத்தில் மட்டும். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே அளவுக் குழாய் என்றால் பரல் பொங்கி வழியும். இரண்டின் வாயும் ஒரே மட்டத்தில் இருக்க, சின்ன வாளியைக் கல் அடுக்கி உயர்த்துங்கள். வாளியில் தண்ணீர் பரலை விட ஓரிரு அங்குலம் உயர்ந்து நிற்கும், அதற்கும் இடம் விடுங்கள்.

குழாய் பரலுக்குள் நுழையும் இடங்களுக்கு டாங்க் கனெக்டர் பூட்டுங்கள். சுற்றிச் சிலிக்கன் பூசினால் போதும் என்று கடையில் சொல்வார்கள். அந்த நீலப் பிளாஸ்டிக்கில் சிலிக்கன் ஒட்டாது, இரண்டு மாதத்தில் தோல் மாதிரி உரிந்து வரும். பழைய மோட்டார்சைக்கிள் டியூபில் வட்டமாக வெட்டி, உள்ளேயும் வெளியேயும் வொஷராகப் போட்டு இறுக்குங்கள். பரலின் வளைவுக்கு அது நன்றாகப் படியும்.

பரல் நிறைந்தால் 200 கிலோவுக்கு மேல். உங்கள் பக்கம் மணல் நிலம். இப்போது மட்டமாகத் தெரியும், மார்கழி மழையில் ஒரு பக்கம் இறங்கிவிடும். ஓரடி தோண்டி, கல் போட்டு, மேலே பிளொக் கல் அடுக்கி அதன் மேல் வையுங்கள்.

உள்ளே என்ன போடுவது என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர். சல்லி போடலாம் (சல்லி என்ற ஊரைச் சொல்லவில்லை, கல்லைச் சொல்கிறேன்). வேலை செய்யும். ஆனால் நூறு லீற்றர் கல்லே நூற்றைம்பது கிலோ வரும், இடுக்கெல்லாம் சேறு பிடிக்கும், எடுத்துக் கழுவ இரண்டு ஆள் வேண்டும். தும்பு வேண்டாம், அது தண்ணீரைக் கோப்பி நிறமாக்கிவிட்டு, பிறகு தானே அழுகும். சிரட்டைக் கரியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். புதிதாகப் போட்டால் கொஞ்ச நாள் நிறத்தையும் மணத்தையும் இழுக்கும், பிறகு அதுவும் ஒரு கல்தான், அதுவும் நொறுங்குகிற கல். கடற்கரையில் பொறுக்கிய முருகைக்கல் வேண்டவே வேண்டாம். முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம், புறாத்தீவுப் பக்கம் பார்த்தால் ஏன் என்று புரியும்.

என் தேர்வு பழைய நைலோன் மீன்வலை. திருகோணமலையில் இருந்துகொண்டு வேறு எதைத் தேடுவது? நுண்ணுயிர் ஒட்டிக்கொள்ள வேண்டியது மேற்பரப்பு. நூலை விட மேற்பரப்பு அதிகமுள்ள பொருள் கிடைப்பது கஷ்டம். அழுகாது, பாரமில்லை, எளிதில் அடைக்காது, தண்ணீர் தாராளமாகப் போகும். கிழிந்து தைக்க முடியாமல் போன வலையைத் தோணிக்காரர்களிடம் கேட்டால் சும்மாவே தருவார்கள், கரைவலை இழுக்கும் இடத்திலும் கிடைக்கும். அது திரும்பக் கடலுக்குள் போய் ஆமையின் கழுத்தில் சிக்குவதை விட உங்கள் பரலுக்குள் கிடப்பது நல்லது.

ஆனால் ஒன்று. வலையின் ஓரத்திலுள்ள ஈயக்குண்டுகளை ஒன்றும் விடாமல் வெட்டி எடுங்கள். ஈயம் குளத்துக்குள் போகவே கூடாது. மிதவைகளையும் தடித்த கயிற்றையும் கழற்றுங்கள். பிறகு மூன்று நாலு நாள் வாளியில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பும் செதிலும் போக அலசுங்கள். சவர்க்காரம் வேண்டாம். அதன் பிறகு தளர்வாக மடித்து, வெங்காயம் வருகிற வலைப்பைகளில் போட்டுப் பரலில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்புங்கள். பந்தாக உருட்டி இறுக்கினால் நடுவில் தண்ணீர் போகாது. கையை விட்டால் கை நுழைய வேண்டும், அந்தத் தளர்ச்சி போதும். பைகளாகப் போடுவதில் ஒரு வசதி, கழுவ வேண்டிய நாளில் ஒவ்வொன்றாகத் தூக்கி எடுக்கலாம். வலை கிடைக்காவிட்டால் மின்வயர் போடும் பிளாஸ்டிக் குழாயை ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டிப் போடலாம், போத்தல் மூடிகளும் ஆகும். கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பைக்குள் இரண்டு கைப்பிடி மட்டி ஓட்டைக் கழுவிப் போட்டுவிடுங்கள். கறி வைத்த அன்றைய ஓட்டை அவித்துக் காயவைத்தால் போதும். அமோனியாவை மாற்றும்போது இந்த உயிர்கள் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்கின்றன, ஒரு கிராம் அமோனிய நைதரசனுக்கு ஏழு கிராம் வரை. கிணற்றுத் தண்ணீரில் அது போதுமான அளவு இருக்கும். ஐப்பசி தொடங்கித் தை வரை மழைத் தண்ணீர் குளத்தை நிரப்பும்போது அது மெலிந்துபோய், ஒரு நாள் பிஎச் திடீரென்று விழும், உயிர்களும் வேலையை நிறுத்திவிடும். மட்டி ஓடு தண்ணீர் புளிக்கும்போதுதான் கரையும், மற்ற நேரம் சும்மா கிடக்கும்.

இப்போது ஒரு சின்ன ஓட்டை. பம்பிலிருந்து வரும் குழாய் சின்ன வாளிக்குள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே முடிகிறது அல்லவா? கரண்ட் போனதும் அதே குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பிக் குளத்துக்கு இறங்கத் தொடங்கும், வாளி பாதி காலியாகும், படிந்திருந்த அழுக்கெல்லாம் குளத்துக்கே திரும்பிவிடும். குழாய் வளைந்து வாளிக்குள் இறங்கும் இடத்தில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஐந்து மில்லிமீற்றரில் ஒரு ஓட்டை போடுங்கள். பம்ப் ஓடும்போது அதிலிருந்து கொஞ்சம் தண்ணீர் பீச்சும், வாளிக்குள் விழும்படி திருப்பிவிட்டால் சரி. கரண்ட் போனதும் அந்த வழியாகக் காற்று நுழைந்து இறக்கத்தை அறுத்துவிடும். பரல் வடிகட்டி செய்தவர்கள் பாதிப்பேருக்கு இந்த ஓட்டையைத் தெரியாது.

கரண்ட் என்றதும், 2022 பங்குனி கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது நான் படித்த பாடம் இது. பம்ப் நின்றால் பரலுக்குள் நிற்கும் தண்ணீரிலுள்ள ஒட்சிசனை அந்த உயிர்களே கொஞ்ச நேரத்தில் முடித்துவிடும். நாலைந்து மணித்தியாலம் போனால் அவை சாகத் தொடங்கும், கூழ்முட்டை மணம் வரும். கரண்ட் வந்ததும் பம்ப் அந்த நஞ்சுத் தண்ணீர் முழுவதையும் குளத்துக்குள் தள்ளும். ஆகவே நீண்ட வெட்டு என்றால் முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கரண்ட் வந்த பிறகு அடி வால்வைத் திறந்து பரலிலுள்ள தண்ணீரை வெளியே விட்டுவிட்டுத் தொடங்குங்கள். இரவில் பம்பை நிறுத்தக்கூடாது என்று சொன்னதும் இதற்காகத்தான்.

பூட்டி முடித்த அன்றைக்கே தண்ணீர் சுத்தமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். வீடு கட்டியாயிற்று, ஆட்கள் குடிவர வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் மூன்று முதல் ஆறு கிழமை எடுக்கும். அந்த நாட்களில் மீனுக்கு ஒருநேரம், அதுவும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான். சீக்கிரமாக வேண்டுமென்றால், ஆரோக்கியமான மீன்தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடைய வடிகட்டியில் ஊறிய ஒரு துண்டு ஸ்பொஞ்சைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து பரலில் போடுங்கள். உறைமோர் ஊற்றுவது மாதிரி.

குடிவந்தவர்களைத் துரத்துவது சுலபம். முதல் பரலை நான் வைத்து ஆறாவது மாதம், வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், குளம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, உள்ளே இருந்த எல்லாவற்றையும் எடுத்துக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். மண்ணிறத்தில் வழுவழுவென்று பிடித்திருந்ததை அழுக்கென்று நினைத்தேன். அந்த வழுவழுப்புத்தான் அவ்வளவு நாளும் வேலை பார்த்த உயிர்கள். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரீன் மிச்சத்தையும் முடித்துவிட்டது. நாலாம் நாள் ஒன்பது மீன் செத்தன. விருந்தாட்களும் பார்த்தார்கள். அதனால் இப்போது வருடத்துக்கு இரண்டு தடவைதான், ஒரு தடவைக்குப் பாதிப் பைகள் மட்டும், குளத்துத் தண்ணீரையே வாளியில் அள்ளி அதற்குள் இரண்டு உலுக்கு உலுக்கித் திரும்பப் போடுகிறேன். மண்ணிறம் மண்ணிறமாகவே இருக்கட்டும்.

பச்சை நிறத்தைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பரல் அதைப் போக்காது. தண்ணீரைப் பச்சையாக்கும் பாசி ஒற்றை ஒற்றை உயிரணு, எந்த வலையிலும் நிற்காது. அதற்கு வேண்டியது வெயிலும் பசளையும். பரலிலிருந்து கடைசியாக வரும் நைத்திரேற்று பசளைதானே. ஆகவே வெயிலை மறைக்க வேண்டும், பசளையை வேறு செடிக்குக் கொடுக்க வேண்டும். குளத்தின் மேல் பாதிக்கு மேற்பட்ட இடத்தில் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை நிழல் விழவேண்டும். நிழல் வலை கட்டுங்கள், அல்லிக் கிழங்கைச் சட்டியில் நட்டு இறக்குங்கள். யூவி (புற ஊதா) விளக்குப் பூட்டினால் ஒன்றிரண்டு கிழமையில் பச்சை போகும், அது உண்மை. குழல் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நிழல் போட்டுப் பார்த்தும் போகவில்லை என்றால் யோசிக்கலாம். துரிசு போடச் சொல்வார்கள். பாசி சாகும், பின்னால் மீனும் சாகலாம்.

ஆகாயத்தாமரை பசளையை நன்றாக இழுக்கும் என்று யாராவது கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள். இலங்கையில் அதை வைத்திருப்பதற்கு எதிராக 1909 இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள், நம் குளங்களையும் வாய்க்கால்களையும் அது என்ன செய்தது என்பது விவசாயம் செய்பவர்களைக் கேட்டால் தெரியும். கங்குன் போதும். பரலிலிருந்து குளத்துக்குத் திரும்பும் தண்ணீரை ஒரு பழைய பேசினுக்குள் விட்டு, கூழாங்கல் போட்டு, சந்தையில் வாங்கும் கங்குனில் நாலு தண்டை ஊன்றுங்கள். பிடித்துவிட்டால் கிழமைக்கு ஒரு சுண்டலுக்கு வெட்டலாம். பச்சையாகத் தின்ன வேண்டாம், வதக்கித்தான். வெட்ட வெட்டத்தான் பசளை குளத்தை விட்டு வெளியே போகும். வளரவிட்டு அழுகவிட்டால் எல்லாம் திரும்ப உள்ளேதான். உப்புவெளியில் உங்களுக்கு மான் தொல்லை இருக்காது என்று நினைக்கிறேன். நகரத்துக்குள் இருக்கும் எங்களுக்குக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் இரவில் வந்து ஒரு தண்டு மிச்சம் வைக்காமல் மேய்ந்துவிட்டுப் போகிறது. அல்லி இலையையும் விடுவதில்லை. கோபிக்கவும் முடியவில்லை, அழகாக நின்று பார்க்கிறது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு நாளுக்கு ஒன்றிரண்டு வாளித் தண்ணீர் ஆவியாகிவிடும். நீங்கள் கிணற்றிலிருந்து நிரப்பிக்கொண்டே இருப்பீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே கிடக்கும், கடற்கரைப் பக்கக் கிணறு ஆவணி புரட்டாதியில் ஏற்கெனவே உவர்ந்திருக்கும். ஆகவே நிரப்புவதோடு நிற்காமல், கிழமைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கை வெளியேற்றிவிட்டுப் புதிது விடுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வெயிலில் வைத்து, குளோரீன் போன பிறகு.

மூடியை மறந்துவிடாதீர்கள். பரலும் வாளியும் பேசினும் நுளம்புக்கு நல்ல இடம். பம்ப் ஓடுகிறவரை பெரிதாக முட்டையிடாது, ஒரு நாள் நின்றாலும் வந்துவிடும், டெங்கு நுளம்புக்கு ஒரு கோப்பைத் தண்ணீரே போதும். இரண்டு பாத்திரத்துக்கும் இறுக்கமான மூடி, காற்றோட்டத்துக்குப் போடும் ஓட்டைகளுக்கு நுளம்பு வலை, பேசினுக்குள் நாலைந்து கப்பி மீன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவு பார்க்க வரும் நாளில் முதலில் திறக்கச் சொல்வது அந்த நீலப் பரலைத்தான்.